காறை எலும்புக்குக் கீழே ஓர் இடுக்கு

பசறை, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கை மரத்துப் போவது புதுச் செய்தி அல்ல. கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்டால், தோளிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் இழுக்கிறது என்பார்கள். ராத்திரியில் கையை எங்கே வைத்துப் படுப்பதென்றே தெரியவில்லை என்பார்கள். சித்தாலேப தேய்த்து, இரண்டு பனடோல் போட்டு, விடிந்ததும் பிரட்டுக்களத்துக்குப் போய்விடுவார்கள். போகாவிட்டால் பேர் இல்லை. இந்த வலிகளில் பெரும்பாலானவை தசைப்பிடிப்பு, கழுத்துத் தேய்மானம் போன்றவைதான். சிலருக்கு மட்டும் தொல்லை, கழுத்துக்கும் கைக்கும் நடுவே காறை எலும்புக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய இடுக்கில் தொடங்குகிறது. வைத்தியர்கள் அதை ‘தொராசிக் அவுட்லெட் சின்ட்ரோம்’ என்கிறார்கள், சுருக்கமாக டி.ஓ.எஸ்.

அந்த இடுக்குக்கு மேலே காறை எலும்பு, கீழே முதலாம் விலா எலும்பு. பக்கத்தில், கழுத்திலிருந்து இறங்கி அந்த விலாவில் வந்து ஒட்டும் ஸ்கேலீன் தசைகள். கைக்குப் போகும் நரம்புக் கற்றை, கைக்கு இரத்தம் கொண்டு போகும் நாடி, கையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டு வரும் நாளம் ஆகிய மூன்றுக்கும் இதுதான் வழி. பசறை வீதியின் வளைவொன்றில் எதிரெதிரே வந்த இரண்டு பஸ்களுக்கு நடுவே முச்சக்கரவண்டி மாட்டிக்கொண்டது போல, தசை இறுகினாலோ எலும்பு நெருங்கினாலோ இவற்றில் ஒன்று நசுங்குகிறது. எது நசுங்குகிறதோ அதற்கேற்ப நோயும் வேறாகிறது. எந்தச் சத்திரசிகிச்சை, எந்த வழியாக என்ற கேள்விக்கான பதிலும் அங்கிருந்துதான் வருகிறது.

நூறு நோயாளிகளில் 90 பேருக்கு மேல் நசுங்குவது நரம்பு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகும், முன்கையின் உட்பக்கம் கடுக்கும், கையைத் தூக்கி வைத்தால் வலி கூடும். நாளம் நசுங்குவது மிகச் சிலருக்குத்தான். முந்தின நாள் வரை நன்றாக இருந்த கை ஒரே நாளில் வீங்கி நீலம் பாய்ந்துவிடும். உள்ளே இரத்தம் உறைந்திருக்கும். நாடி நசுங்குவது எல்லாவற்றிலும் அரிது, ஆபத்தும் அதில்தான் அதிகம். விரல்கள் வெளிறும், குளிரும், நுனியில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும்.

அரிதான அந்த மூன்றாவது வகைக்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்க பேஸ்போல் வீரர் ஜே.ஆர். ரிச்சர்ட். 1980இல் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் அணியின் முதன்மைப் பந்து வீச்சாளர் அவர். கை சோர்ந்து போகிறது, மரத்துப் போகிறது என்று அந்தப் பருவம் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார். சோம்பல் என்றார்கள், நடிப்பு என்றார்கள், பத்திரிகைகளும் அப்படியே எழுதின. ஜூலை மாதப் பரிசோதனையில் வலது கை நாடியில் அடைப்பு இருப்பது தெரிந்த பிறகும் இலேசான பயிற்சிக்கு அனுமதி கிடைத்தது. ஜூலை 30ஆம் திகதி மைதானத்தில் பக்கவாதம் தாக்கி விழுந்தார். அதன் பிறகு அவரால் பெரிய போட்டிகளுக்குத் திரும்பவே முடியவில்லை. பணமும் புகழும் உள்ள ஒரு மனிதரின் கை வலியையே நம்பாத உலகத்தில், நாட்கூலிக்குப் போகும் ஒரு பெண் ‘கை தூக்க முடியவில்லை’ என்று சொன்னால் கங்காணி என்ன நினைப்பார் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொழுந்து பறிக்கும் வேலையைக் கொஞ்சம் நெருங்கி நின்று பார்க்க வேண்டும். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. கூடையின் கயிறு, மடித்த துணியின் மேல் தலையைச் சுற்றிப் போகிறது. இரண்டு கைகளும் செடியின் மேல்மட்டத்தில் முன்னால் நீண்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகின்றன. பிடி நிறைந்ததும் கை தோளுக்கு மேலே எழும்பி, பின்பக்கமாக வீசிக் கூடைக்குள் போடுகிறது. உடனே மீண்டும் முன்னால் நீள்கிறது. நாள் முழுக்க இதே அசைவு. கூடை நிறைய நிறையக் கயிறு தலையைப் பின்னுக்கு இழுக்கும்; தலை பின்னுக்குச் சாயாமல் தாங்கிப் பிடிப்பவை கழுத்தின் முன்பக்கத் தசைகள். அவற்றோடு சேர்ந்து இறுகுபவைதான் ஸ்கேலீன் தசைகளும். வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலோ கதை வேறு: 16 லீற்றர் மருந்து டாங்கியின் இரண்டு வார்களும் நேராகக் காறை எலும்பின் மேல் விழுந்து அதைக் கீழே அழுத்துகின்றன.

இதைக்கொண்டு கொழுந்து பறிப்பதால்தான் நோய் வருகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதே வேலையை நாற்பது வருடம் செய்தும் கையில் ஒரு குறையும் இல்லாதவர்கள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். பிறவியிலேயே இடுக்கு ஒடுங்கியிருப்பவர்களுக்கு வேலை அதை வெளியே கொண்டு வருகிறது. பழைய விழுகையோ கழுத்து அடிபட்டதோ சேர்ந்தால் இன்னும் மோசமாகிறது. கழுத்தின் கடைசி முள்ளெலும்பிலிருந்து ஒரு மேலதிக விலா எலும்பு சிலருக்கு முளைத்திருக்கும். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் அது உண்டு. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். அவர்களிலும் பெரும்பாலானோர் அப்படியொன்று இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

அந்த மேலதிக விலாவைக் கண்டுபிடிக்கச் சாதாரணக் கழுத்து எக்ஸ்ரே ஒன்று போதும். பதுளை போதனா வைத்தியசாலைக்கு அப்பால் போகவே தேவையில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதற்காக நோயே இல்லை என்று ஆகிவிடாது. கைகளை உயர்த்தி, முழங்கையை மடித்து, 3 நிமிடம் விரல்களை மூடித் திறக்கச் சொல்லும் பரிசோதனை ஒன்று உண்டு. இந்த நோய் உள்ளவர்கள் பலர் பாதியிலேயே கையைக் கீழே போட்டுவிடுவார்கள். கழுத்தைத் திருப்பி நாடித் துடிப்பு மறைகிறதா என்று பார்ப்பது பழைய முறை. நோயில்லாதவர்கள் பலருக்கும் துடிப்பு அப்படி மறைவதால், அதை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது சரியல்ல. இதைப் போலவே நடிக்கும் வேறு நோய்களையும் முதலில் கழிக்க வேண்டும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதா என்று பார்ப்பார்கள். கழுத்து வட்டு விலகியிருக்கலாம், முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கலாம், நீரிழிவாகவும் இருக்கலாம். நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனை, இரத்தக்குழாய் ஸ்கேன் என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். ஸ்கேலீன் தசைக்குள் மரப்பு மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. அந்தச் சில மணி நேரத்துக்கு வலி விட்டால், சத்திரசிகிச்சையிலும் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை கூடும்.

நரம்பு வகை என்றால் எடுத்த எடுப்பில் கத்தியை யாரும் தொடுவதில்லை. குறைந்தது ஆறு வாரம், பெரும்பாலும் மூன்று மாதம் வரை, ஃபிசியோதெரபி. கழுத்துத் தசையைத் தளர்த்துவது, தோள்பட்டையைப் பின்னிழுத்து நிறுத்தப் பழகுவது, வயிற்றால் மூச்சு விடுவது, வேலையில் கை தூக்கும் நேரத்தைக் குறைப்பது எல்லாம் இதில் அடங்கும். கணிசமானோருக்கு இதிலேயே குணம் தெரிகிறது. பதுளைக்கு ஒவ்வொரு முறை கிளினிக்குக்கு வருவதும் ஒரு நாள் பேரை இழப்பதுதான் என்பதால், பயிற்சிகளைப் படம் போட்டு எழுதித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு காம்பராவிலேயே செய்வது நல்லது. அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் ஃபிசியோதெரபி கிடைக்குமா என்று கேட்டு அங்கே மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். பயிற்சி செய்தும் வலி விடவில்லை, உள்ளங்கையில் பெருவிரலடித் தசை வற்றத் தொடங்குகிறது என்றால் அதற்கு மேல் காத்திருப்பது கைக்குக் கேடு. வற்றிய தசை, சத்திரசிகிச்சைக்குப் பிறகும் பழையபடி நிறைவது அரிது.

கை ஒரே நாளில் வீங்கி நீலம் பாய்ந்தாலோ, விரல் வெளிறிக் குளிர்ந்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளத்தில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் சிகிச்சை, முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலிக்கிறது.

இனி, எந்த வழி என்ற கேள்வி. 1861இலேயே லண்டன் சென்ட் பார்த்தலோமியூ வைத்தியசாலையில் ஹோம்ஸ் கூட் என்பவர் கழுத்தில் முளைத்த எலும்பை வெட்டி எடுத்தார். 1910இல் அவுஸ்திரேலியாவில் மர்ஃபி முதலாம் விலாவையே அகற்றினார். 1927இல் அமெரிக்காவில் அட்சன், எலும்பைத் தொடாமல் ஸ்கேலீன் தசையை மட்டும் வெட்டினால் போதும் என்றார். பல வருடங்கள் அதுவே வழக்கமாக இருந்து, வலி திரும்பி வருவதைக் கண்ட பிறகு செல்வாக்கு இழந்தது. 1966இல் டென்வர் நகரத்து டேவிட் ரூஸ், அக்குள் வழியாக முதலாம் விலாவை எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். இன்றைக்கும் முன்னிற்கும் இரண்டு வழிகளில் ஒன்று அதுதான்.

அக்குள் வழியில், உரோமக் கோட்டுக்குக் கீழே சில சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு வெட்டு. உதவியாளர் ஒருவர் கையைத் தூக்கிப் பிடித்திருக்க, ஆழமான ஒடுங்கிய குழிக்குள் வேலை நடக்கிறது. தழும்பு வெளியே தெரியாது, பெரிய தசை எதையும் பிளக்க வேண்டியதில்லை, முதலாம் விலா நன்றாகக் கைக்கு எட்டும். குறை என்னவென்றால் நரம்புக் கற்றையின் மேற்பகுதியை முழுமையாகப் பார்க்க முடியாது. நாடி பழுதாகியிருந்தால் அங்கிருந்து சரிசெய்யவும் இயலாது. மேற்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் மரப்பு பலருக்குத் தங்கிவிடும்.

மற்ற வழி, காறை எலும்புக்கு மேலே கழுத்தோரமாக வெட்டுவது. ஸ்கேலீன் தசைகளை எடுக்கலாம், ஒவ்வொரு நரம்பையும் கண்ணால் பார்த்துச் சுற்றியிருக்கும் நாரை நீக்கலாம், கழுத்து விலா இருந்தால் அதையும், முதலாம் விலாவையும் எடுக்கலாம், நாடியையும் ஒட்டுப் போடலாம். ஆனால் ஸ்கேலீன் தசையின் மேலேயே மூச்சு விடும் உதரவிதானத்துக்கான நரம்பு ஓடுகிறது. அதைத் தொட்டால் மூச்சு வாங்கும். தோள்பட்டையைப் பிடித்து நிறுத்தும் நரம்பும் அருகில்தான். இடதுபக்கம் என்றால் கொழுப்புச் சத்தைச் சுமந்து வரும் நிணக்குழாய் கிழிந்து பால்போன்ற நீர் வடியலாம். எந்த வழியானாலும் நுரையீரல் உறை கிழிந்து காற்றுப் புகும் வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் ஒரு குழாய் வைத்தாலே சரியாகிவிடும்.

ஆகவே நாடி வகைக்கும் பெரிய கழுத்து விலாவுக்கும் கழுத்து வழியே பொருந்தும். நாளம் என்றால், விலாவின் முன்பகுதியை நெஞ்செலும்பு வரை எடுக்க வேண்டியிருப்பதால் சிலர் காறை எலும்புக்குக் கீழேயும் வெட்டுகிறார்கள், சிலர் அக்குள் வழியையே விரும்புகிறார்கள். எலும்பை எடுக்காமல் நாளத்துக்குள் உலோகக் குழல் மட்டும் வைத்தால், அதே எலும்புகளுக்கிடையே அது நசுங்கி முறிந்துபோகும். காறை எலும்புக்குக் கீழே மார்பின் மேற்புறத்தில் மட்டும் வலி என்றால், அங்குள்ள சின்ன மார்புத் தசையின் நாணை வெட்டிவிடுவதே சிலருக்குப் போதுமானது. நெஞ்சுக்குள் கமெரா விட்டும், ரோபோ கொண்டும் செய்யும் முறைகள் வெளிநாடுகளில் பரவி வருகின்றன.

நரம்பு வகைக்கு இரண்டில் எது சிறந்தது? ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பின் 2014ஆம் ஆண்டு மீளாய்வு, விலாவை அக்குள் வழியாக எடுத்தவர்களுக்கு, கழுத்து வழியாக நரம்பை மட்டும் விடுவித்தவர்களைவிட வலி குறைந்ததாகச் சொன்னது. கூடவே ஆதாரம் மிகப் பலவீனமானது என்றும் எச்சரித்தது. பயிற்சியால் பலன் பெறாத 50 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், அக்குள் வழிச் சத்திரசிகிச்சை பெற்றவர்களின் கை மூன்று மாதத்தில், சத்திரசிகிச்சை பெறாத மற்றவர்களைவிடத் தெளிவாக நன்றாக இயங்கியது. தோட்டத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், தொழிலாளர் நட்டஈட்டுத் திட்டத்தின் கீழ் இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கு அது. ஒரு வருடம் கழிந்தும் 60 வீதமானோரால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் நீண்ட காலம் வேலை செய்ய முடியாமல் இருந்தவர்களே அதிகம் பின்தங்கினார்கள்.

இந்த எண்ணிக்கையைக் கண்டு பயந்து ஒதுங்கத் தேவையில்லை. யாருக்குச் செய்கிறோம், எப்போது செய்கிறோம், எந்த வேலைக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்ற மூன்றும், எங்கே வெட்டுகிறோம் என்பதைவிடப் பெரியவை. இரண்டு வழியும் ஏற்கக்கூடியதாக இருந்தால், வைத்தியரின் கை எந்த வழியில் அதிகம் பழகியிருக்கிறதோ அந்த வழியே மேல். கண்டிக்கோ கொழும்புக்கோ தேசிய வைத்தியசாலையின் இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்படுபவர்கள், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். எனக்கு நசுங்குவது எது? விலாவை எடுப்பீர்களா, தசையை மட்டுமா? இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? சிங்களமோ ஆங்கிலமோ புரியாவிட்டால், தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிட்டு விளக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

வைத்தியசாலையில் இருப்பது பெரும்பாலும் சில நாள்தான். எழும்பிய உடனே ஆழமாக மூச்சிழுத்து விடச் சொல்வார்கள். வலிக்கிறதென்று மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி கட்டும். நெஞ்சு எக்ஸ்ரே பார்த்து, குழாயைக் கழற்றி, கையை இலேசாக அசைக்கப் பழக்குவார்கள். கையைக் கட்டித் தொங்கவிட்டபடியே வாரக்கணக்கில் வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். வீட்டுக்கு வந்த பின் மூச்சு வாங்குதல், காய்ச்சல், காயத்தில் பால்போன்ற நீர், கை திடீரென வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் திரும்ப ஓட வேண்டும். நாள வகைக்காரர்கள் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைச் சில மாதம் தொடர வேண்டியிருக்கும். அதை நடுவில் நிறுத்துவது கூடாது.

ஊருக்குத் திரும்பும் பயணத்திலேயே பாதுகாப்பு தொடங்குகிறது. மஹியங்கனைப் பாதையில் 18 வளைவு இறங்கும் பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரக்கூடாது. இருக்கை கேட்டு வாங்கி, கையை மடியில் தலையணை வைத்துத் தாங்கி வரவேண்டும்.

லயத்தில்தான் உண்மையான சோதனை. முதல் ஆறு வாரத்துக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் அந்தக் கையால் தூக்கக் கூடாது என்பது. பத்து லீற்றர் வாளித் தண்ணீர் பத்துக் கிலோ. இரண்டு வயதுப் பிள்ளை பன்னிரண்டு கிலோவுக்குப் பக்கம். விறகுக்கட்டைச் சொல்லவே வேண்டாம். துணி பிழிவது, உயரமான கொடியில் உலர்த்துவது இரண்டும் ஆகாது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாள் என்பதாலேயே தண்ணீரும் விறகும் பிள்ளையும் அவள் தலையில் விழுந்தால், மலை வேலையிலிருந்து கிடைத்த ஓய்வு காம்பராவில் கரைந்துவிடும். சத்திரசிகிச்சைத் திகதி வாங்கும்போதே, அந்த ஆறு வாரமும் தண்ணீர் எடுப்பது புருஷனா, மாமியாரா, பெரிய பிள்ளையா என்று பேசி முடித்துவிட வேண்டும். இது குடும்பத்தார் செய்யும் உதவி என்று நினைப்பதே தவறு. மாத்திரையைப் போல இதுவும் மருந்துதான்.

இலேசான வேலைக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் போகலாம். கூடையோடு மலைக்குத் திரும்ப மூன்று மாதமாவது ஆகும், அதுவும் பாதி நிறையோடு தொடங்கி. கவ்வாத்துக் கத்தி, உர மூட்டை போன்றவை இன்னும் பின்னால்தான். நரம்பு ஆறுவது மெதுவானது; மரப்பு முழுவதும் விட ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். இரண்டாம் மாதத்தில் வலி கொஞ்சம் தலைகாட்டினால் சத்திரசிகிச்சை வீணாய்ப் போனதாக எண்ணிப் பயிற்சியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் நட்டப்படுகிறார்கள். பல மாதங்களுக்குப் பின் பழைய வலி அப்படியே திரும்பினால், உள்ளே தழும்பு இறுகியிருக்கலாம் அல்லது விலாவின் துண்டொன்று மிஞ்சியிருக்கலாம். அதை முதலில் செய்த வைத்தியரிடமே காட்ட வேண்டும்.

கிளினிக்கிலிருந்து வெளியே வருமுன் வாங்க வேண்டிய கடிதம் ஒன்று இருக்கிறது. ‘இலேசான வேலை கொடுக்கவும்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தைத் தோட்டத்தில் ஆளுக்கொரு விதமாக அர்த்தப்படுத்துவார்கள். எந்தத் திகதி வரை, எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தோளுக்கு மேலே கை தூக்கும் வேலை ஆகாது, முதுகுக்கூடை ஆகாது என்று பிரித்து எழுதி வாங்க வேண்டும். நாற்றுமேடை, ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் பொறுக்கும் வேலை, பிள்ளைக்காம்பரா உதவி என்று கொடுக்கக்கூடிய வேலைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் துரைக்கும் தீர்மானிக்க இலகு. அதில் மூன்று பிரதி எடுத்து, ஒன்றைத் தோட்ட மருந்துக்காரரிடமும் ஒன்றைத் தொழிற்சங்கத் தலைவரிடமும் கொடுத்துவிட்டு, மூன்றாவதைக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.